ஒரு மணி நேர வயிறு

எங்கள் வயிற்றுக்கு உடம்பு இல்லை.
பிளாஸ்டிக் குப்பி, கொஞ்சம் கிளைசின்,
நாக்கில் பட்டால் சுருக்கென்று இழுக்கும் அமிலம்,
முப்பத்தேழு டிகிரியில் ஒரு வெந்நீர்த் தொட்டி.
ஒரு கிராம் மண்ணை ஊட்டிவிட்டு
மூடியைத் திருகிச் சுழலவிடுவேன்.
ஒரு மணி நேரம்.
பசிக்காது, ஏப்பம் விடாது,
யாரையும் அம்மா என்று கூப்பிடாது.

அதற்குமுன் சலிக்க வேண்டும்.
கால் மில்லிமீட்டர் கண்.
குழந்தையின் விரலில் ஒட்டுவது
அதைவிடப் பொடியாகத்தான் இருக்கும் என்கிறது கையேடு.
அதை எழுதியவர் என்றோ ஒருநாள்
ஒரு சின்னக் கையைக் குழாயடியில்
பிடித்துக் கழுவியிருக்க வேண்டும்.

மேல் சிலேசியா. ஈய உலை அணைந்து முப்பது வருடம்.
கசடு மேட்டின் கீழே நாற்பது துண்டுத் தோட்டங்கள்,
தகரக் கொட்டகை, ருபார்ப், வேலியில் சைக்கிள் டயர்.
பதினொன்றாம் எண் ரைமுண்ட் கோட்சூருடையது.
"ஈயமா, இருக்கும். புகைபோக்கி வழியே
நான்தானே அனுப்பிவைத்தேன்" என்று சிரித்தார்.
கிலோவுக்கு இரண்டாயிரத்து நூறு மில்லிகிராம்.
அடுத்தது ஒட்டிலியாவுடையது. அறுநூற்று நாற்பது.
படிவத்தில் ஒரே கட்டம்: மொத்தம்.
நகராட்சியிடம் இந்த ஆண்டு
ஒரு தோட்டத்தைத் தோண்டத்தான் காசு.
பெரிய எண் வென்றது.

ஏட்டுச் சுரைக்காய்.
வயிறு வேறு கணக்குப் போடும்.

ரைமுண்டின் மண்ணில் ஈயம்
கந்தகத்தோடு கைகோத்துக்
கண்ணாடிக் கசடுக்குள் இறுகிக் கிடந்தது.
அமிலம் தட்டியது, கெஞ்சியது.
நூற்றுக்குப் பன்னிரண்டுதான் கதவைத் திறந்தது.
ஒட்டிலியாவின் மண்ணிலோ
நூற்றுக்கு எழுபத்தொன்று
கூப்பிடுமுன்னே எழுந்து வந்தது.
இருநூற்றைம்பத்திரண்டு.
நானூற்றைம்பத்து நான்கு.
நம்பாமல் மறுபடி செய்தேன். மூன்றாம் முறையும்.
மண்புழுக்களையும் கேட்டேன்.
இருபத்தெட்டு நாள் அந்த மண்ணிலேயே குடியிருந்து,
ஈரக் காகிதத்தில் ஓர் இரவு குடலைக் காலிசெய்து,
உலர்ந்து, கரைந்து,
அவை சொன்னதும் அதையேதான்.
சொல்வதற்காகச் செத்தன என்பதைப் பதிய
அந்தப் படிவத்தில் இடமில்லை.

திரும்பப் போய்ப் பார்த்தேன்.
நாற்றுப் பெட்டிகளின்மேல்
இடித்த தொழிலாளர் குடியிருப்பின் பழைய ஜன்னல்கள்
கண்ணாடிக் கூரையாய்ச் சாய்ந்திருந்தன.
சட்டங்களில் நூறு வருட ஈய வெள்ளை,
பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து
தக்காளி நாற்றின் காலடியில் மாவாகியிருந்தது.
உலை அல்ல. ஜன்னல்.
பக்கத்தில் இரண்டு வயது க்ஸாவெரி
கரண்டியால் யாருக்கோ சூப் பரிமாறிக்கொண்டிருந்தான்,
இடையிடையே தானும் ருசி பார்த்து.

"எவ்வளவு இருக்கிறது?" என்றாள் ஒட்டிலியா.
"இருப்பது குறைவு. வருவது அதிகம்."
பதினாறு வருட வேலையில்
இதைவிடத் தெளிவாக நான் எதையும் சொன்னதில்லை.
அவள் ஸ்வெட்டர் கையால்
பையனின் வாயைத் துடைத்தாள்.

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால்
இரண்டாவது எண்ணையும் எழுதினேன்.
ஸ்கேனில் பென்சில் விழவில்லை.

மே பதினைந்து, குளிர் சோஃபியா நாள்.
சொல்லிவைத்தாற்போல் இரவில் உறைபனி.
காலையில் பதினொன்றாம் எண்ணில் மஞ்சள் இயந்திரம்
பூட்டிக்கிடந்த ஈயத்தை
லாரி லாரியாய் அள்ளிக்கொண்டிருந்தது.
ருபார்ப் கிழங்குகளை வாளியில் ஏந்தி நின்றார் ரைமுண்ட்,
எங்கே நடுவது என்று தெரியாமல்.
வேலிக்கு அப்பால் ஜன்னல்கள் மொத்தமும்
கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி, டேப் ஒட்டி, சுவரோரம்.
கூரை போன நாற்றுகள்
அத்தனையும் கருகிச் சாய்ந்திருந்தன.

ஒட்டிலியா என்னிடம் ஒன்றும் பேசவில்லை.
க்ஸாவெரியின் கையைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து
ஒவ்வொரு நகக்கண்ணாய்த் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
அவன் கத்தினான்.
தண்ணீர் மெல்லக் கலங்கியது.
கால் மில்லிமீட்டருக்கும் கீழே, என்று நினைத்தேன்.