அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

மூன்றடைப்பு விலக்கில்
பதினோரு வருஷம் கைகாட்டி நிறுத்தியிருக்கிறேன்.
"ஆர்சி எங்கலே, இன்சூரன்ஸ் எங்க?"
தவணை முடிந்து ரெண்டு நாளானவனையும் விட்டதில்லை.
பனங்கிழங்குக் கட்டோடு வந்த ஒருவன்
கட்டை ரோட்டில் இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டான்.
ரசீது கிழித்தேன்.
அப்போதெல்லாம் நான் சாய்ந்து நின்றது
இந்த ஜீப்பின் பானெட்டில்தான்.

இதற்கு இன்சூரன்ஸ் கிடையாதாம்.
சர்க்கார் வண்டிக்குச் சட்டத்திலேயே விலக்காம்.
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி எலும்பு வார்டில்
எனக்கு வாங்கி வந்த ஆரஞ்சை
தானே உரித்துத் தின்றுகொண்டு
வக்கீல் ஞானதிரவியம் சொன்னார்.
தொடையில் கம்பி, கம்பியில் எடைக்கல்.
சிரித்தால் வலிக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.
சிரித்தேன்.

நடந்தது இவ்வளவுதான்.
ராத்திரி ரெண்டே கால், நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலை.
கீதாரி கிடை மாற்றிக்கொண்டிருந்தான்.
இருநூறு ஆடும் ஒரே கம்பளியாய் ரோட்டில் நகர,
நடுவே ஒரு பையன்,
தோளில் அன்றைக்குப் பிறந்த குட்டி.
நாலு கண்ணும் எங்களையே பார்த்தன.
சொரிமுத்து ஸ்டியரிங்கை ஒடித்தான்.
மொட்டை டயர். தூறல் நனைத்த தார்.
நடுத்திட்டு, அரளி, வானம்,
மறுபடி அரளி, இந்தமுறை என் வாய்க்குள்.

ஒரு ஆடு சாகவில்லை.

"யார் மேலயாவது தப்பு இருக்கணும் வே.
தப்பில்லாத காயத்துக்குத் துட்டு கொஞ்சந்தான்.
டிரைவர் மேல எஃப்ஐஆர் போடச் சொல்லும்,
அப்பத்தான் சர்க்கார் பதில் சொல்லும்"
என்று தோலைச் சுருட்டி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும்.
ஸ்டேஷன் எழுத்தர் நான்.
காற்றாலை இறக்கை ஏற்றிப்போன டிரெய்லருக்கு எழுதியிருக்கிறேன்,
கல்யாண வேனுக்கு,
களக்காட்டு வாழைத்தார் லோடு ஆட்டோவுக்கு.
தூக்கத்தில் கேட்டாலும் கை எழுதிவிடும்:
அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.
மெதுவாக வந்தவனுக்கும் அதேதான்.
அது இல்லாமல் செத்தவன் வீட்டுக்குத் துட்டு வராது.
புண்ணியம் என்றே நினைத்திருந்தேன்.

சொரிமுத்து அடுத்த கட்டிலில்.
தாடையைக் கம்பியால் பூட்டியிருக்கிறார்கள்.
ஸ்ட்ராவில் கஞ்சி குடிக்கிறான்.
அவன் மேல் எழுதினால் சார்ஜ் மெமோ, இன்கிரிமென்ட் போகும்.
எழுதாவிட்டால்
இந்தக் காலோடு நான் எந்த மாடி ஏறுவேன்?

டயர் மாற்றக் கேட்டு மூன்று கடிதம் போனது.
மூன்றும் என் கையெழுத்து,
"பணிந்து சமர்ப்பிக்கிறேன்" வரை.
மூன்றுக்கும் பதில்: பரிசீலனையில்.
பரிசீலனை மேல் வழக்குப் பதிய
எந்தப் பிரிவும் நான் கண்டதில்லை.

இன்று காலை ஜெபக்கனி வந்தாள்,
அட்டை, கார்பன், ரெண்டு பேனாவோடு.
"வாக்குமூலம், ஏட்டையா."
சொன்னேன். ஆடு. பையன். தூறல். அரளி.
எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.
"இந்த இடத்துல அந்த வார்த்தை வரணும்லா?"
மின்விசிறி ஒரு சுற்று சுற்றி முடித்தது.

ஸ்ட்ரா உறிஞ்சும் சத்தம் நின்றிருந்தது.
சொரிமுத்து கை நீட்டி அவளிடம் பேனா வாங்கினான்.
தன் மருந்துச் சீட்டின் முதுகில்
குளுக்கோஸ் ஊசி குத்திய கையால்
வெகுநேரம் எழுதினான்:

முப்பத்தஞ்சுலதான் வந்தேன்.
போட்டுக்கிடுங்க ஏட்டையா.
அதிவேகமாகவும் அசாக்கிரதையாகவும்.

சீட்டு கட்டில்விட்டுக் கட்டில் வந்தது.
படித்தேன்.
இருபத்தாறு வருஷ எழுத்தர் புத்தி,
வேறெதுவும் கண்ணில் படவில்லை முதலில்.
பேனாவைக் கேட்டு வாங்கினேன்.
அந்த 'சா'வை அடித்து
மேலே
'ஜா' என்று திருத்தினேன்.