கொடியில் ஆண்டுகள்

நாளைக்குச் சோதினை.
ஜன்னல் கம்பியிலிருந்து மீற்றர்ப் பெட்டி ஆணி வரைக்கும்
நைலோன் கயிறொன்றை இழுத்துக் கட்டினேன்.
பழைய மின்சாரச் சிட்டைகளின் பின்பக்கத்தில்
ஆரணி ஆண்டுகளை எழுதினாள், பச்சைப் பேனையால்.
1505. 1619. 1658. 1796.
உடுப்புக் கிளிப்பால் ஒவ்வொன்றாய்க் கொளுவினோம்.

நான் ரீச்சர் இல்லை.
கொண்டாவில் கூட்டுறவுச் சங்கத்தில்
உரமும் மாவும் வந்துபோகிற பேரேடு எழுதுகிறவள்.
என் காலத்தில் வரலாறு தனிப் பாடமுமில்லை,
சமூகக்கல்வி என்ற சாக்குக்குள்
புவியியலோடு சேர்ந்து கிடந்தது.
அதில் எனக்கு எஸ்.
ரியூசன் கொட்டிலில் கணிதத்துக்கு வாங்கு போதாது,
இந்தப் பாடத்துக்கு ஆளே இல்லை.
ஆகவே நான்.

போர்த்துக்கேயர் வந்தார்கள். கோட்டை கட்டினார்கள்.
ஒல்லாந்தர் வந்தார்கள். அதை இடித்துப் பெரிதாய்க் கட்டினார்கள்.
ஆங்கிலேயர் வந்தார்கள்.
"ஏனம்மா எல்லாரும் வந்துகொண்டே இருக்கினம்?"
மிதுலன் கேட்டான். ஆறு வயது.
அவனுக்குச் சோதினை இல்லை.

1948ஐக் கொளுவியதும்
தான் பிறந்த 2013ஐ எடுத்துக்கொண்டு
கயிற்றின் அந்தத் தொங்கலுக்குப் போனாள்.
நடுவே இரண்டு முழம் வெறுங்கயிறு.
வாளிக்குள் இன்னும் ஒன்பது கிளிப்.
"இதுக்குள்ள ஒண்டும் நடக்கேல்லையோ?"

தண்ணி கொதிக்குது என்று குசினிக்குப் போனேன்.
அடுப்பை நான் மூட்டியிருக்கவேயில்லை.

திரும்பி வந்து 1995 என்று எழுதினேன்.
"எனக்கு அப்ப பதினொண்டு. உன்ர வயசு."
ஐப்பசி மழை. இரவு.
இங்கிருந்து நாவற்குழிப் பாலத்துக்கு
மோட்டார்சைக்கிளில் இருபது நிமிசம், பிறகொருநாள் பார்த்தேன்.
அன்றைக்கு விடிந்தும் முடியவில்லை.
ஊர் முழுக்க ஒரே றோட்டில்.
அப்பாவின் சைக்கிளில் தையல் மெசின் தலை,
அரை மூட்டை அரிசி, அதற்கு மேல் தம்பி.
என் கையில் திரியில்லாத மண்ணெண்ணெய்க் குக்கர்.
அதை ஏன் எடுத்தோமென்று
வீட்டில் ஒருவருக்கும் இன்னும் தெரியாது.

அவள் கேட்பாளென்று நான் பயந்தவை வேறு.
ஆர் போகச் சொன்னது,
ஆர் பிழை,
ஆர் திரும்பி வரேல்லை.
அவள் கேட்டது:
"அவ்வளவு சனத்துக்க ஒண்டுக்கு வந்தா என்ன செய்யிறது?"

முப்பது வருசத்தில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி.
படிவத்தோடு வந்தவர்களும் கேட்கவில்லை,
ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தவர்களும்.
"அம்மாவும் முன்பின் தெரியாத ரெண்டு பொம்பிளையளும்
ஒரு சீலையைச் சுத்திப் பிடிச்சவை.
நீலத்தில வெள்ளைப் பூ.
முதல் எனக்கு. பிறகு அவையின்ர பிள்ளையளுக்கு.
பிறகு ஆராருக்கோ.
பேர் கேக்கேல்லை."

"இது சோதினைக்கு வருமோ?"
"வராது."
பேனையை மூடி வைத்தாள்,
சப்பாணி கட்டி இருந்தாள்.
"அப்ப சொல்லுங்கோ."

சொன்னேன். எல்லாமில்லை.
நாலு கிளிப்பை வாளிக்குள்ளேயே விட்டேன்.
அவளும் அதை எண்ணியிருப்பாள்.

இதற்கிடையில் மிதுலன்
சிட்டைத் துண்டொன்றில் பல் ஒன்றைக் கீறி
1796க்கும் 1948க்கும் நடுவில் கொளுவினான்.
அது விழுந்த நாளாம்.
இடம் பிழை என்றேன். எடுக்க விடவில்லை.

பத்து மணிக்கு மழை பிடித்தது.
முற்றத்துக் கொடியில் கிடந்த பள்ளிக்கூட வெள்ளைகளை
அள்ளி வந்து, வேறு இடமில்லாமல்,
இந்தக் கயிற்றிலேயே போட்டேன்.
ஆண்டுகளை ஒதுக்கி ஒதுக்கி ஒரு மூலைக்குத் தள்ள
1619இன் தோளில் 1995 சாய்ந்தது,
பல் இரண்டுக்கும் பின்னால் ஒளிந்தது.

காலையில் அவள் சட்டைக் கையில்
இடம்வலம் மாறிய ஒரு பச்சை ஐந்து.
1505இன் ஐந்தோ,
நான் எழுதிய ஐந்தோ.
சவர்க்காரம் போட்டும் போகவில்லை.
வான் கோன் அடித்தது.
அப்படியே போட்டுக்கொண்டு
சோதினைக்குப் போனாள்.