உள்ளே ஒரு கோடை

கத்திப்பாரா வளைவில் ஏறும்போதுதான்
முதலில் எரிந்தது.
மஞ்சளாக, அலைமேல் ஒரு சின்னக் கம்பம்,
கீழே ஜெர்மனில் ஒரு வரி.
இருபத்தொரு வருஷ வண்டி.
மூன்று கை மாறியும்
மொழியை மாற்ற யாருக்கும் தெரியவில்லை.
எதற்குத் திட்டுகிறது என்று புரியாமலே
ஆலந்தூரில் ஓரங்கட்டினேன்.

பானட்டைத் திறந்தால்
தொட்டியில் கூலன்ட் கோட்டைத் தொட்டு நிற்கிறது,
நீலமாக, ஒரு குறையும் இல்லாமல்.

கொஞ்சம் ஊற்றினேன். எரிந்தது.
மூடியை இறுக்கினேன். எரிந்தது.
அணைத்து, பத்து எண்ணி, சாவியைத் திருப்பினேன்.
மூன்று நிமிஷம் யோசித்துவிட்டு
எரிந்தது.

கிண்டியில், கம்பெனி சர்வீஸில்,
கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காபி தந்து
நாற்பத்தாறாயிரம் என்றார்கள்:
தொட்டி, சென்சார், வயரிங், கூலி, வரி.
வண்டியையே ஒன்றே முக்கால் லட்சத்துக்கு வாங்கினேன் என்று
சொல்ல வெட்கமாக இருந்தது.
காபி நன்றாக இருந்தது.

எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.
"உன் வண்டி என்னவோ சொல்லுது" என்பாள்
பக்கத்து சீட்டில் ஹெப்சிபா.
"பொய் சொல்லுது" என்பேன்.
பிறகு அவளும் கேட்பதில்லை.

கடைசியில் புதுப்பேட்டை.
கதவுகளை மட்டும் அடுக்கிய சந்து தாண்டி
ஸ்டியரிங்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கடைக்குப் பின்னால்
தஸ்தகீர்.
ஸ்கேனர் எதையும் எடுக்கவில்லை.
தொட்டிக்கடியில் கைவிட்டு பிளக்கைப் பிடுங்கி
இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தார்.
விளக்கு அணைந்தது.

"வயர் நல்லாருக்கு. பொய் சொல்றது உள்ள இருக்கறவன்.
இப்படியே விட்டுரவா மேடம்?
பாதிப் பேரு இதத்தான் கேப்பாங்க.
ஜென்மத்துக்கும் எரியாது."

ஜென்மத்துக்கும்.
தொட்டி பிளந்து, கடைசிச் சொட்டும்
மவுண்ட் ரோட்டில் ஒழுகிப்போனாலும்
ஒரு விரற்கடைச் செம்பு
நிறைய இருக்கு, நிறைய இருக்கு என்று
சொல்லிக்கொண்டே வரும்.

வேண்டாம் என்றேன்.

இன்ஜின் ஆறட்டும் என்று டீ சொன்னார்.
பிறகு தொட்டியைக் கழற்றி, வாளியில் கவிழ்த்து,
டார்ச் அடித்துக் காட்டினார்:
மிதவை அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது,
இடுப்புவரை வெள்ளைப் பொருக்கு.

"உப்பு. எவனோ போர் தண்ணி ஊத்திருக்கான்."

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டாம் ஆள்
பாலவாக்கம்.
எனக்குத் தெரிந்துபோன மாதிரி இருந்தது.
ஏரிகள் வெடித்துக் கிடந்த அந்த ஜூன்,
லாரிக்கு டோக்கன், குடங்களுக்கு வரிசை,
நடுவே ஒரு டிரைவர்
கிடைத்ததில் ஒரு பாட்டில்
காருக்கும் ஊற்றியிருக்கிறான்.
அப்புறம் மழை வந்தது. ஆள் மாறினார்கள்.
நல்ல கூலன்ட் நிரப்பினார்கள்.
மிதவை மட்டும்
அந்தக் கோடையிலேயே நின்றுவிட்டது.

மூன்று எலுமிச்சை வாங்கிவரச் சொன்னார்.
வெந்நீரில் பிழிந்து உள்ளே விட்டதும்
நுரைத்தது, முனகியது.
அரை மணி கழித்து விரல்முட்டியால் தட்டினார்.
க்ளக்.
எழுந்து வந்தது.

"எழுநூறு. எலுமிச்சை உங்க கணக்கு."

ஸ்பென்சர் தாண்டியும் எரியவில்லை.
தேனாம்பேட்டை. நந்தனம் சிக்னல்.
இருட்டாக, மரியாதையாக இருந்தது டாஷ்போர்டு.
எரிந்தால் நம்பாமலிருக்கப் பழகியிருந்தேன்.
எரியாமலிருப்பதை எப்படி நம்புவது?

சைதாப்பேட்டைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி
பானட்டைத் தூக்கி
தொட்டியின் முதுகில் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன்.
இரண்டு கோடுகளுக்கு நடுவே நீலம்.
பக்கத்தில் ஒரு தண்ணி லாரி போனது,
வழியெல்லாம் சிந்திக்கொண்டு.
நீலம் லேசாக ஆடி
நின்றது.