மீன் பிடிக்க வந்தவள்

ஒத்தக்கடையில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் என் மேசை.
ஒரு கம்ப்யூட்டர், இரண்டு அகராதி,
ஆறு பக்கத்துக்கு மேல் மூச்சு வாங்கும் பிரின்டர்.
இங்கிலீஷைத் தமிழாக்கினாலும்
தமிழை இங்கிலீஷாக்கினாலும்
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.

வெள்ளலூர்ப் பக்கத்திலிருந்து ஏழைகாத்தாள்
தீர்ப்பு நகலை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.
"தோத்துப்போச்சுங்கிறாரு வக்கீலு.
ஏன் தோத்துச்சுன்னு இதுல இருக்காமே. வாசி."

வாசித்தேன்.
மூன்றாம் பத்தி, கடைசி வரி:
மனுதாரர் மீன் பிடிக்க வந்திருக்கிறார்.

"யாரு, நானா?
கம்மா வத்தி ரெண்டு வருசமாச்சு.
மீன் குத்தகைப் பணம் எங்க போச்சுன்னு கேட்டுத்தானே
கேசே போட்டேன்."

அது மீன் இல்லக்கா என்றேன்.
கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல்
கணக்கு நோட்டை வாங்கித் துழாவினால்
எதுவாவது சிக்காதா என்று வருகிறவர்களை
அந்தப் பாஷையில் அப்படிச் சொல்வார்கள்.

"துழாவுறது வேற, மீன் பிடிக்கிறது வேற.
ஊத்தா வேணும், கச்சா வேணும்,
தண்ணி முழங்காலுக்காச்சும் கெடக்கணும்."

எனக்கு இதெல்லாம் இருபது வருடப் பழக்கம்.
வாளியை உதைத்தவன் செத்தவன்.
சிவப்பு மீன் ஒன்று உண்டு,
அதுவும் மீனில்லை, வழியை மாற்றிவிடுகிற பேச்சு.
அவர்களுக்கு யானை அறைக்குள் நிற்கும்,
யாரும் பார்க்காத மாதிரி இருப்பார்கள்.
எனக்கு ஜன்னலுக்கு வெளியே,
ஊர் நீளத்துக்குக் கல்லாகப் படுத்திருக்கிறது.
நானும் பார்ப்பதில்லை.

"அதை விடு. மொதல்ல குடுத்த மனுவுல
எவனோ ஒரு கிறுக்கன்
என்னத்தையோ எழுதித் தொலைச்சிருக்கான்.
எங்க வயித்துல அடிச்சிட்டாங்கன்னு சொன்னேன்.
சர்க்கார் வக்கீலு எந்திரிச்சி
காயத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கங்கிறாரு.
கோர்ட்டே சிரிச்சிச்சு."

அவளும் சிரித்தாள்.
ஜூனியர் வக்கீல் வாட்ஸ்அப்பில் அனுப்பியது
ராத்திரி பதினொன்றரைக்கு.
காலையில் தாக்கல் என்றார்.
அடித்தார்கள். வயிற்றில்.
வினைச்சொல் சரி, காலம் சரி,
எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

நான் சொல்லவில்லை.
டீ சொன்னேன்.

அப்பீலுக்கு அவளே சொல்லச் சொல்ல அடித்தேன்.
"கலங்குன குட்டையில மீன் பிடிக்கிறது அவனுக.
எங்கிட்ட வலையே இல்ல.
இதை இங்கிலீசுல போடு.
புரியுமா அவங்களுக்கு?"

அகராதியைப் புரட்டினேன்.
அதே கலங்கிய தண்ணீர், அதே மீன்,
அங்கேயும் எவனோ கரையில் நின்று
கலக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

புரியும்க்கா.

வாசித்த கூலி வேண்டாம் என்றேன்.
"ஓசிக்கு வாசிக்கச் சொல்லல" என்று
நாலு பத்து ரூபாயை விசைப்பலகை மேல் வைத்துவிட்டு
மேலூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வயிறு வந்த இடம் மட்டும் மிச்சம்.
இந்தத் தடவை சோறு என்று போட்டுப் பார்த்தேன்.
சோற்றைப் பிடுங்கினார்கள்.
அப்புறம் யோசனை வந்தது:
தட்டு எங்கே, சாட்சி யார் என்று
கேட்டுவிட்டால்?

பிரின்டர் ஆறாவது பக்கத்தில் நின்றது.
தாளை உருவி எடுத்தேன்.
பாதி வரி அச்சாகியிருந்தது.