ஆஸ்பெனடியில் அட்சதை

காலை நான்கு மணிக்கே வெளிச்சம்.
கூமோவுக்கு வடக்கே, பனி கரைந்து முடிந்த காட்டில்
துய்ரே இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்குகிறாள்.
திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது:
வெட்டவேண்டிய எல்லை சிவப்பில்,
விட்டுவைக்கவேண்டிய மரங்களின் எண்
ஓரத்தில், பொடி எழுத்தில்.

சரியில்லாதது தரையில்.
பருத்த ஆஸ்பென் ஒன்றின் அடியில், பாசிமேல்,
யாரோ வாழ்த்திவிட்டுப் போனதுபோல
மஞ்சள் மஞ்சளாய் அரிசி.

அரிசியில்லை.
பறக்கும் அணில் போட்ட எச்சம்.
பகலெல்லாம் மேலே பொந்தில் உறங்கி
இருட்டில் மரத்துக்கு மரம்
கைக்குட்டைபோல மிதந்துபோகும் ஒன்று.
பதினாறு வருடமாக மரம் வெட்டுகிறாள்,
ஒருமுறைகூட அதைக் கண்டதில்லை.

காட்டுக்காரர் இல்ப்போவை எழுப்பினாள்.
"ஆஸ்பென்தானே, விறகு விலைகூடப் போகாது.
நிற்கட்டும்."
"அது மட்டும் நின்றால் போதாது.
வெட்டவெளியில் அது இறங்காது.
ஓடைக்கு அந்தப்பக்கக் காடுவரை
ஒரு வரிசை வேண்டும்."
"எத்தனை?"
"முப்பத்தெட்டு. எல்லாம் ஸ்ப்ரூஸ்."

காப்பியைக் கலக்கும் சத்தம் கேட்டது.
வெகுநேரம் கலக்கினார்.
"இருபது," என்றார், சந்தையில் நிற்பவர்போல.
"இருபதென்றால் பாதி வழி."
தொடர்பு அறுந்தது.

கனமீட்டருக்குத்தான் அவளுக்கும் கூலி.
மறு ஓரத்துக்குப் போய் வெட்டத் தொடங்கினாள்.
நான்கு பிர்ச் மரங்களை மட்டும்
ஆள் உயரத்துக்கு இருமடங்கு மேலே நறுக்கி
மொட்டைக் கம்பமாய் நிறுத்தினாள்:
உளுத்துப்போகட்டும்,
வண்டு குடியேறட்டும்,
வண்டைத் தேடி மரங்கொத்தி வரட்டும்.
இதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை.

ஒன்பதரைக்குச் செய்தி வந்தது.
"முப்பது. ஓடைப்பக்கம் எட்டை எடு.
அதுதான் நல்ல மரம்."

நீல நாடாச் சுருளோடு நடந்தாள்.
மர உயரத்தைப்போல இரண்டு மடங்கு தாண்டும் என்பார்கள்,
மூன்று என்பாரும் உண்டு;
காற்று எதிர்த்தால் எவ்வளவு என்று
யாரும் சொல்லவில்லை.
காலடியால் அளந்து அளந்து
முப்பது முடிச்சுப் போட்டாள்.

ஓடை தெரிந்தது.
முப்பதாவது மரத்துக்கும் அக்கரைக்கும் நடுவே
ஒரு வானம் அளவு வெளிச்சம்.

திரும்பிப் பார்த்தாள். இயந்திரம் தூரத்தில் இருந்தது.
எட்டில் ஒன்றின் இடுப்பில்
இன்னொரு நாடா.
கணக்கில் அதை
கோணல் மரம் என்று எழுதினாள்.