தொண்ணூற்றேழு வருடம், மூன்றரை மாதம்

ஹீட்டரின் ஒரு கம்பி மட்டும் சிவக்கிறது.
அதைச் சுற்றி ஒன்பது நாற்காலிகள், ஆறு பேர்.
ஜூலை இரவு.
கோதுமைக் கிடங்கின் விளக்கை விட்டால்
காரபூனில் எரிவது எங்கள் ஜன்னல் ஒன்றே.

பொருளாளர் அறிக்கை, என்றார் டெஸ் கூகன்.
எழுந்து நிற்கத் தேவையில்லை.
நின்றேன்.

உறுப்பினர் முப்பத்தேழு.
சந்தா நூற்றுப்பத்து டாலர்,
பதினான்கு வருடமாய் அதே நூற்றுப்பத்து.
காப்பீடு, தண்ணீர், மின்சாரம்,
பல்லி புகுந்து எரிந்துபோன சுவிட்சுப் பெட்டி
எல்லாம் போக
ஆண்டுக்கு மிஞ்சுவது நூற்றெழுபது.

ஒரு களத்துக்குப் புதிதாய்ச் செயற்கைப் புல் விரிக்க
முப்பத்தெட்டாயிரம்.
வங்கியில் இருபத்தோராயிரத்து நானூற்றறுபது.
மீதியை இதே வேகத்தில் சேர்த்தால்
தொண்ணூற்றேழு வருடம், மூன்றரை மாதம்.

ஒரு களத்துக்கா? என்றாள் இங்கா.
ஒரு களத்துக்கு.
எங்களிடம் இருப்பது நாலு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
எங்கள் ஊரில் ஆறு கிடையாது,
அதனால்தானோ என்னவோ
யாரும் இதுவரை அளக்கவில்லை.

மூன்றாம் களத்தில் தையல் பிரிந்த இடம்
எல்லோருக்கும் தெரியும்.
குறிபார்த்து அங்கே பந்தைப் போடுவோம்,
அதற்கு உத்தி என்று பெயர்.

சாஸேஜ் சுட்டு விற்போம், என்றான் கிளைட்.
ஒன்றுக்கு இரண்டு டாலர் லாபம்,
ஒரு களம் பத்தொன்பதாயிரம் சாஸேஜ்.
ஊரில் எழுநூறு பேர்,
அதில் இருவர் சைவம்.

கதவோரம் ஒருத்தி நின்றிருந்தாள்,
நீலச் சீருடை, தோளில் ராக்கெட் பை.
ரோவேனா. முதியோர் இல்லத்தில் நர்ஸ்,
பட்டாங்காஸிலிருந்து வந்து ஒரு வருடம்.
"என் ஷிஃப்ட் முடிவது ஒன்பதே கால்.
உங்கள் பூட்டு திறப்பது சனிக்கிழமை மதியம்.
சந்தா பிறகு பேசலாம்.
முதலில் எனக்குக் கதவு வேண்டும்."

அப்போதுதான் சொன்னேன்,
பையில் மூன்று மாதமாய் மடித்து வைத்திருந்ததை:
மூன்றையும் நாலையும் விட்டுவிடுவோம்.
ஒன்றும் இரண்டும் பிழைக்கட்டும்.

அணிப் போட்டிக்கு நாலு களம் வேண்டும், என்றார் டெஸ்,
அது விதி.
விதி இருக்கிறது, டெஸ்.
அணி இல்லை.

ஐந்து கைகள் உயர்ந்தன.
டெஸ் ஆதரவாகவும் தூக்கவில்லை,
எதிராகவும் தூக்கவில்லை.
இரண்டு கையையும் ஹீட்டரிடம் நீட்டியபடி
அந்த ஒற்றைக் கம்பியைப் பார்த்திருந்தார்.

செப்டம்பரில் பாயை அறுக்கக்
கத்தி கொண்டுவந்தவர் அவர்தான்.
வெள்ளைக் கோட்டின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினார்,
பிறகு அதன் வழியாகவே அறுத்தார்.
சுருட்டச் சுருட்ட மணல் கொட்டியது,
இத்தனை மணலின் மேலா ஓடினோம் என்று
கிளைட் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தான்.
நல்ல துண்டுகள் ஒன்றாம் களத்துக்கு ஒட்டுப்போட.
மீதி ஒரு சுருள் ஆட்டுக் கொட்டகைக்கு,
ஒன்று யாருடைய லாரிக்கோ.
வரவு: பழைய பாய், அறுபது டாலர்.

பழைய பூட்டு போனது.
எண்பூட்டு வந்தது, மணிக்கு எட்டு டாலர்.

நேற்று ஒன்பது நாற்பதுக்கு
என் சமையலறையிலிருந்து பார்த்தேன்,
இரண்டாம் களத்தின் விளக்கு எரிந்தது.
சுவரோடு தனியாக அடிக்கிறாள் போல,
சத்தம் இங்குவரை எட்டவில்லை.
பேரேட்டில் புதுப் பக்கம் எடுத்து
'மேற்பரப்பு, பன்னிரண்டு வருடம் கழித்து' என்று தலைப்பிட்டு
கீழே எழுதினேன்:
எட்டு.