நூற்று இருபத்தோரு கிராம்

ஏழு வருஷம் போய்வந்த கலம்
பாலைவனத்தில் ஒரு டப்பாவைப் போட்டுவிட்டு
நிற்காமல் போய்விட்டது.
உள்ளே மண்.
பென்னு என்று அந்த விண்கல்லுக்குப் பேர்.

நூற்று இருபத்தோரு கிராம் என்று படித்த அன்று
ஆய்வகத் தராசில்
அதே எடைக்கு எதையாவது வைத்துப் பார்க்கத் தோன்றியது.
கையில் இருந்தது டீக்கடை வாழைப்பழம்.
தோலோடு நூற்றுப் பதினெட்டு.
மீதி மூன்றுக்கு
பீரோவின் சின்னச் சாவி.

மணலியில் தண்ணீர் சோதிக்கிற வேலை எனக்கு.
கொசஸ்தலை கடலைத் தொடும் இடத்திலிருந்து
பாட்டிலில் வரும்.
குளோரைடு, அம்மோனியா, இன்னும் ஏழெட்டு.
சொட்டுச் சொட்டாய் விட்டு
நிறம் மாறுகிற நொடியில் கை நிற்கவேண்டும்.
வேறெதையாவது நினைத்தால் தாண்டிவிடும்.

டப்பா முழுசாய்த் திறக்கவில்லை என்றார்கள்.
முப்பத்தைந்து திருகாணியில் இரண்டு
அசைய மறுத்தன.
"நம்ம காஜாண்ட குடுத்திருந்தா
மண்ணெண்ணெ ஊத்தி ஒரே தட்டு"
என்றாள் அடுத்த மேசை ஜெனிட்டா.
சிரித்தோம்.
ஆனால் மண்ணெண்ணெய் பட்ட மண்
மண்ணெண்ணெயைத்தானே சொல்லும்?
அதனால் அவர்கள்
நைட்ரஜன் நிரம்பிய பெட்டிக்குள்
கையுறை வழியாய் மட்டும் தொட்டு,
அந்த இரண்டு ஆணிக்கென்றே கருவி செய்து,
மூன்று மாதம் காத்திருந்தார்கள்.

அந்த மூன்று மாதத்துக்குள் வந்த மார்கழியில்தான்
எண்ணூரில்
கடலுக்கடியில் கிடந்த குழாய்
தானாகத் திறந்துகொண்டது.

நள்ளிரவு. முதலில் கண், பிறகு தொண்டை.
காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல்
பாதித் தெரு வடக்கே, பாதித் தெரு தெற்கே.
ஈரத்துண்டு கட்டிய முகங்களோடு
ஒரே ஆட்டோவில் ஒன்பது பேர்.
என் மடியில் யார் வீட்டுக் குழந்தையோ.
அத்தனை பேரில் எனக்கு மட்டும்
அந்த நெடியின் சூத்திரம் தெரியும்.
ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன்.
தெரிந்ததால்
ஒரு மூச்சுகூடக் கூடுதலாய்க் கிடைக்கவில்லை.

பிறகு அடுத்த வருஷமும் போய்
தை மாதத்தில் முடிவுகள் வந்தன.
பென்னுவின் மண்ணில்
அமினோ அமிலம் பதினான்கு.
மரபுச்சரத்தின் எழுத்துகள் ஐந்தும்.
அம்மோனியா, ஏராளமாய்.
அந்த வரியில் என் கண் எரிந்தது,
ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

உயிர் இல்லை, நன்றாகவே சொல்லியிருந்தார்கள்.
உயிருக்கான சாமான் மட்டும்.
மாச மளிகை வாங்கிவைத்து
அடுப்பே பற்றவைக்காமல் போன வீடு.

உப்பும் இருந்தது.
பென்னு உடைந்துவந்த தாய்க்கல்லில்
எப்போதோ தண்ணீர் நின்று, மெல்ல வற்றி,
படிந்த உப்பு.
வற்றும்போது எது முதலில் படியும் என்று
அத்திப்பட்டுப் பாத்தியில் வேலைசெய்த யாரும் சொல்வார்கள்.
சுண்ணாம்பு முன்னே, சோற்றுப்பு பின்னே.
நானூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முன்பு
பார்க்க ஆளில்லாத இடத்திலும்
வரிசை மாறவில்லை.

இதை ஜெனிட்டாவிடம் சொன்னேன்.
"அங்க ஏது வெயிலு?" என்று கேட்டாள்.
எனக்கு பதில் தெரியவில்லை.
தேடிப் பார்க்கவேண்டும்.

இன்றைய பாட்டில் வந்துவிட்டது.
மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே நெடி.
படிவத்தில் அளவு எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டம் வழக்கம்போல் காலி.

கிளம்பும்முன்
தராசுத் தட்டைத் துடைத்து
சுழியத்தில் நிறுத்தினேன்.
கண்ணாடிக் கதவை மூட மறந்து
பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால்
கடைசி இலக்கம் ஒன்று.
பிறகு இரண்டு.
அனல்மின் நிலையத்துச் சாம்பலோ,
சாலைப் புழுதியோ, என் தலைமுடியோ,
யாரும் போய் எடுத்துவராமலே
வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது
மூன்று.